மலை பின்னே, நீர் முன்னே: ஃபெங் சுயி முறையில் வீடு தேர்தல்

ஓர் இடத்தின் நிலவமைப்பு, திசை, காலம் ஆகியவற்றைக் கொண்டு அது குடியிருக்க ஏற்றதா என்று கணிக்கும் சீன மரபு ஃபெங் சுயி. காற்று, நீர் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர் இது. ஹாங்காங், தைவான், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளிலும் நகரங்களிலும் வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஃபெங் சுயி கணிப்பாளரை அழைத்துச் சென்று காட்டும் சீனக் குடும்பங்கள் உண்டு. அவர் சொல்லும் ஒரு சொல்லில் பேரம் முறிவதும் முடிவதும் உண்டு.

இந்த மரபின் விதிகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. மலை, ஆறு, வெயில், காற்று ஆகியவற்றைப் பார்த்துப் பழகிய அனுபவத்திலிருந்து வந்தவை ஒரு வகை. பிறந்த ஆண்டு, திசைமானி, நாட்காட்டி ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பெறுபவை இன்னொரு வகை. எண்களின் ஒலியையும் வீட்டில் நடந்த சாவுகளையும் ஒட்டிய நம்பிக்கைகள் மூன்றாம் வகை. இவை செவ்வியல் ஃபெங் சுயி நூல்களின் மையப் பொருள் அல்ல, ஆனால் இன்றைய வீட்டுச் சந்தையில் அதனோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. வீடு வாங்குவோருக்கு இம்மூன்றும் வெவ்வேறு மதிப்புடையவை.

தோற்றமும் இரு மரபுகளும்

இக்கலையின் வேர் இடுகாட்டில் இருக்கிறது. முன்னோரை நல்ல நிலத்தில் அடக்கம் செய்தால் அந்த நிலத்தின் நன்மை வழித்தோன்றல்களைச் சேரும் என்ற நம்பிக்கையே இதன் தொடக்கம். கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பு எழுதியதாக மரபு சொல்லும் 'அடக்க நூல்' இத்துறையின் மூல நூலாக மதிக்கப்படுகிறது. 'சி' எனப்படும் உயிரோட்டம் காற்றில் சிதறும், நீரைக் கண்டால் தங்கும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. காற்றுக்கு மறைவும் நீருக்கு அண்மையும் உள்ள இடமே நல்ல இடம் என்ற முடிவு இதிலிருந்து வந்தது. கல்லறைகளுக்கு உரியவை 'யின்' மனைகள், வாழ்வோருக்கு உரியவை 'யாங்' மனைகள் என்று பிற்காலத்தில் பிரித்தார்கள்.

காலப்போக்கில் இரண்டு மரபுகள் உருவாயின. நிலத்தின் வடிவத்தைப் பார்ப்பது ஒன்று. மலைகள் நிறைந்த ஜியாங்சி மாநிலத்தோடும், தாங் அரச மரபின் இறுதிக்காலத்தில் வாழ்ந்த யாங் யுன்சொங்கோடும் இதைத் தொடர்புபடுத்துவார்கள். திசைமானியையும் கணக்கையும் நம்புவது மற்றொன்று. அது ஃபூஜியன் மாநிலத்தில் வளர்ந்தது. காந்த ஊசி கப்பலில் வழிகாட்டுவதற்கு முன்பே மனை பார்க்கப் பயன்பட்டது. ஊசி நேர் தெற்கைக் காட்டாமல் சற்றே கிழக்கே விலகி நிற்பதை 11-ஆம் நூற்றாண்டில் ஷென் குவோ எழுதிவைத்திருக்கிறார். இன்றைய கணிப்பாளர்கள் பெரும்பாலும் இரண்டு மரபையும் கலந்தே பயன்படுத்துகிறார்கள். முதலில் சுற்றுப்புறம், பிறகு கட்டடம், அதன் பிறகு உள்ளமைப்பு, கடைசியில் திசைக் கணக்கு என்பது அவர்களின் வழக்கமான வரிசை.

சுற்றுப்புறம்: நான்கு விலங்குகள்

நல்ல மனையை நான்கு விலங்குகள் சூழ்ந்திருக்க வேண்டும் என்பது வடிவ மரபின் சூத்திரம். பின்னால் கருப்பு ஆமை, அதாவது உயர்ந்த மலை. வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்க்கும்போது இடப்புறம் பச்சை டிராகன், வலப்புறம் வெள்ளைப் புலி. இவை பக்கத்துக் குன்றுகள். டிராகன் பக்கம் புலியின் பக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருப்பது நல்லது. முன்னால் தொலைவில் சிவப்புப் பறவை, அதாவது தாழ்ந்த மேடு. வீட்டுக்கும் அந்த மேட்டுக்கும் இடையிலுள்ள திறந்த வெளிக்கு 'ஒளிக் கூடம்' என்று பெயர். உயிரோட்டம் வந்து திரளும் இடம் அது. அங்கே குளமோ வளைந்து ஓடும் ஆறோ இருந்தால் மிகச் சிறப்பு.

நகரத்தில் மலைக்குப் பதில் கட்டடங்களைக் கொள்வார்கள். பின்னால் உயர்ந்த கட்டடம், இரு புறமும் நடுத்தர உயரக் கட்டடங்கள், முன்னால் பூங்கா, விளையாட்டுத் திடல் அல்லது கடல் இருந்தால் சூத்திரம் நிறைவேறியதாகக் கணக்கு. சுற்றிலும் தாழ்ந்த வீடுகள் இருக்க ஒன்று மட்டும் தனித்து உயர்ந்து நின்றால் அது 'தனிச்சிகரம்'. அதை ஒதுக்கிவிடச் சொல்வார்கள்.

இந்தச் சூத்திரத்துக்குப் பின்னால் சீனாவின் தட்பவெப்பம் இருக்கிறது. வட சீனத்தில் குளிர்காலக் காற்று சைபீரியாவிலிருந்து வடக்கு, வடமேற்குத் திசைகள் வழியாக வீசுகிறது. முதுகில் மலை இருந்தால் அக்காற்று தடைபடும். பெய்ஜிங் ஏறத்தாழ 40 பாகை வட அட்சரேகையில் உள்ளது. டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியன் அங்கே தெற்கு வானில் சுமார் 27 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. தெற்கு நோக்கிய சன்னல் வழியே அந்தத் தாழ்ந்த வெயில் அறையின் உட்புறம் வரை எட்டும். ஜூன் மாதத்தில் சூரியன் 73 பாகைக்கு ஏறிவிடுவதால் கூரையின் நீட்சியே வெயிலை மறைத்துவிடும். வடக்கே முதுகு காட்டித் தெற்கே முகம் காட்டும் வீடு குளிர்காலத்தில் வெதுவெதுப்பாகவும் கோடையில் நிழலாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இடம் மாறினால் இக்காரணமும் மாறும். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் சூரியன் ஆண்டின் ஏறக்குறையப் பாதி வடக்கிலும் மறுபாதி தெற்கிலுமாகச் செல்கிறது. நண்பகலில் அது 65 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை. எனவே அங்கே தெற்கு முகத்துக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. மேற்குச் சுவரில் விழும் மாலை வெயிலே வீடு வாங்குவோரின் கவலை. நியூசிலாந்திலோ குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வருகிறது. தென் அரைக்கோளத்தில் விதிகளைத் தலைகீழாக்க வேண்டுமா, அப்படியே வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதில் கணிப்பாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

நிலவடிவ விதிகளின் பயனுக்கு ஹாங்காங்கின் பழைய கிராமங்கள் நல்ல சான்று. அங்கே வீடுகளுக்குப் பின்னுள்ள சரிவில் 'ஃபெங் சுயி காடுகள்' என்ற பெயரில் தோப்புகளை வெட்டாமல் காத்துவந்தார்கள். அவை மண்சரிவைத் தடுத்தன, காற்றை மறைத்தன, நிழல் தந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய தோப்புகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. அப்பகுதியின் இயற்கைத் தாவரங்களுக்கு அவை புகலிடம். ஆனால் இன்றைய நகரத்தில் மலைச்சரிவில் வீடு வாங்குபவர் 'பின்னால் மலை' என்ற சொல்லோடு நின்றுவிட முடியாது. தாங்குசுவரின் நிலை, மழைநீர் வடியும் வழி, மண்சரிவின் வரலாறு ஆகியவற்றைப் பொறியாளரிடம் கேட்டாக வேண்டும்.

சாலை, பாலம், எதிர்க் கட்டடம்

ஆறு வளையும் இடத்தில் உட்புறக் கரை நல்லது, வெளிப்புறக் கரை கெட்டது என்பது பழைய விதி. உட்புறத்தை ஆறு இடுப்புக் கச்சைபோல் அணைத்துக்கொள்வதால் அதற்கு 'ஜேட் கச்சை' என்று பெயர். வெளிப்புறத்தின் பெயர் 'திரும்பிய வில்'. இதில் புவியியல் உண்மை தெளிவாகவே இருக்கிறது. வளைவின் வெளிக்கரையில் நீர் வேகமாக மோதி மண்ணை அரிக்கும். உட்கரையில் வண்டலைப் படியவிடும். அரிப்பைப் பொறுத்தவரை உட்கரை வீடு பாதுகாப்பானது. வெள்ளத்துக்கு மட்டும் இந்தக் கணக்குப் போதாது, ஏனெனில் வண்டல் படியும் கரை தாழ்ந்தும் இருக்கும்.

நகரத்தில் ஆற்றின் இடத்தைச் சாலை பிடித்துக்கொண்டது. வளைந்த சாலையின் வெளிப்புறத்தில் உள்ள வீடு, மேம்பாலத்தின் வளைவு அரிவாள்போல் சன்னலை நோக்கி நிற்கும் மாடி, நேராக வரும் சாலை வந்து முட்டும் வாசல் ஆகியவை வேண்டாதவை. கட்டுப்பாட்டை இழந்த வண்டி வந்து மோதுவது, இரவில் முகப்பு விளக்கின் ஒளி அறைக்குள் பாய்வது, புகையும் இரைச்சலும் சேர்வது எல்லாம் இவ்வீடுகளில் கண்கூடான தொல்லைகள். நேராக வரும் சாலை வாசலில் முட்டுவதையே தமிழ்நாட்டில் தெருக்குத்து என்பார்கள். அதற்குப் பரிகாரமாகச் சுவரோரம் பிள்ளையாரை வைப்பது தமிழர் வழக்கம். 'ஷி கன் தாங்' என்று எழுத்துப் பொறித்த கல்லை நடுவது சீனர் வழக்கம்.

தீய ஓட்டத்துக்கு 'ஷா' என்று பெயர். எதிரே இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே குறுகிய இடைவெளி தெரிந்தால் அது 'வானத்தை வெட்டும் ஷா'. அத்தகைய இடைவெளிகளில் காற்று நெருக்குண்டு வேகம் கூடுவது உண்மையே. பக்கத்துக் கட்டடத்தின் கூர்மூலை வாசலை நோக்கியிருப்பது, கண்ணாடிச் சுவரிலிருந்து ஒளி தெறிப்பது, ஓயாத சத்தம், துர்நாற்றம் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கூர்மூலைக்குப் பலரும் காட்டும் எடுத்துக்காட்டு, ஐ. எம். பெய் வடிவமைத்து 1990-இல் திறக்கப்பட்ட ஹாங்காங்கின் பேங்க் ஆஃப் சைனா கோபுரம். கத்தி முனைபோன்ற அதன் விளிம்புகள் சுற்றியுள்ள கட்டடங்களுக்குக் கேடு என்ற பேச்சு அது எழும்பும்போதே கிளம்பியது.

மருத்துவமனை, இடுகாடு, சிறைச்சாலை, கோயில் ஆகியவற்றுக்கு மிக அருகில் வீடு வாங்க வேண்டாம் என்பதும் மரபு. அமைதியின்மை, கூட்டம், மனச்சோர்வு என்ற காரணங்கள் இதற்குச் சொல்லப்பட்டாலும், இடுகாட்டுப் பக்கத்து வீடு அமைதியாகவும் திறந்த வெளியோடும் இருப்பதுண்டு. அதை மலிவாக வாங்கி மனநிறைவோடு வாழ்வோரும் இருக்கிறார்கள்.

வீட்டின் உள்ளமைப்பு

உள்ளே முதலில் பார்ப்பது வீட்டுப்படத்தின் வடிவம். சதுரமும் நீள்சதுரமும் சிறந்தவை. ஒரு மூலை வெட்டுப்பட்டிருந்தால் அந்தத் திசைக்குரிய குடும்ப உறுப்பினருக்குக் குறை என்பார்கள். வடமேற்கு தந்தைக்கும் தென்மேற்கு தாய்க்கும் உரியவை. நம்பிக்கையை விலக்கிப் பார்த்தாலும் கோணலான அறையில் கட்டிலும் அலமாரியும் பொருத்துவது கடினம். கொடுத்த பணத்தில் ஒரு பகுதி பயன்படாத மூலைக்குப் போகிறது.

முன்வாசலைத் திறந்ததும் நேர் எதிரே பலகணியோ பெரிய சன்னலோ இருந்தால் உள்ளே வரும் நன்மை நிற்காமல் வெளியேறிவிடும் என்பது அடுத்த விதி. நேருக்கு நேர் திறப்பு இருப்பதைக் காற்றோட்டத்துக்காக விரும்பும் வெப்பநாட்டு வழக்கத்துக்கு இது எதிரானது. குளிர்காற்று ஊடுருவும் வட சீனத்தில் பிறந்த விதியை ஈரப்பதமும் புழுக்கமும் நிறைந்த சிங்கப்பூரில் அப்படியே பின்பற்றினால் வசதி குறையும். ஆதலால் கணிப்பாளர்கள் வாசலுக்கும் பலகணிக்கும் நடுவே ஒரு தட்டி வைக்கச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

கழிவறை வீட்டின் நடுவில் இருக்கக் கூடாது. முன்வாசலுக்கு எதிரிலும் கூடாது. நடுவிலுள்ள கழிவறைக்கு வெளிச்சுவர் இல்லாததால் ஈரம் காயாது, கசிந்தால் எல்லா அறைகளும் கெடும் என்பது இந்த விதியின் நடைமுறைப் பொருள். அடுப்புக்கு நேர் எதிரே நீர்த்தொட்டி இருப்பதை நெருப்புக்கும் நீருக்கும் மோதல் என்பார்கள். படுக்கையின் தலைமாடு திடமான சுவரை ஒட்டி இருக்க வேண்டும். மேலே உத்தரம் குறுக்கே செல்லக் கூடாது. படுத்தபடியே கதவைப் பார்க்க முடிய வேண்டும், ஆனால் கால் நேராகக் கதவை நோக்கி நீளக் கூடாது. இவற்றில் கழிவறையின் இடத்தையும் வீட்டின் வடிவத்தையும் வாங்கிய பின் மாற்ற முடியாது. கட்டிலையும் தட்டியையும் மாற்றுவது ஒருநாள் வேலை. பேரத்தின்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

திசைக் கணக்கு

கணிப்பாளரின் கையில் இருக்கும் வட்டத் திசைமானியின் பெயர் லுவோபான். நடுவில் காந்த ஊசியும் அதைச் சுற்றிப் பல வளையங்களும் இருக்கும். முக்கியமான வளையம் 360 பாகையை 24 'மலை'களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் 15 பாகை. ஊசி இரண்டு மலைகளின் எல்லைக்கோட்டில் நின்றால் அந்த வீடு வேண்டாம் என்பது பல கணிப்பாளர்களின் முடிவு. கான்கிரீட்டுக்குள் உள்ள இரும்புக் கம்பி ஊசியை இழுக்கும் என்பதால் அளவைக் கட்டடத்துக்கு வெளியே, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எடுப்பது முறை.

கணக்கு முறைகளில் எளியது 'எட்டு மனைகள்'. பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைக் கூட்டி ஓரிலக்கமாக்க வேண்டும். 2000-க்கு முன் பிறந்த ஆணுக்கு அதை 10-லிருந்து கழிப்பார்கள்; பெண்ணுக்கு அதோடு 5-ஐக் கூட்டுவார்கள். விடை 5 என்று வந்தால் ஆணுக்கு 2, பெண்ணுக்கு 8. சீனச் சூரிய ஆண்டு பிப்ரவரி 4-ஐ ஒட்டித் தொடங்குவதால், அதற்கு முன் பிறந்தவருக்கு முந்தைய ஆண்டையே கொள்ள வேண்டும். 1, 3, 4, 9 கிழக்குக் குழு; 2, 6, 7, 8 மேற்குக் குழு. ஒவ்வொருவருக்கும் நான்கு திசைகள் நல்லவை, நான்கு தீயவை. வீட்டுக்கும் அது முதுகு காட்டும் திசையைக் கொண்டு குழு உண்டு. வடக்கே முதுகும் தெற்கே முகமும் கொண்ட வீடு கிழக்குக் குழுவைச் சேர்ந்தது.

1987-இல் பிறந்த கணவனையும் அதே ஆண்டில் பிறந்த மனைவியையும் எடுத்துக்கொண்டால், 8-உம் 7-உம் சேர்ந்து 15, அதிலிருந்து 6. கணவனுக்கு 10-இல் 6 போக 4, கிழக்குக் குழு. மனைவிக்கு 6-உம் 5-உம் சேர்ந்து 11, அதிலிருந்து 2, மேற்குக் குழு. ஒருவருக்கு ஏற்ற வீடு மற்றவருக்கு ஆகாது. குடும்பத் தலைவருக்குப் பார்த்தால் போதும் என்பார் ஒருவர். சம்பாதிப்பவருக்குப் பார்க்க வேண்டும் என்பார் இன்னொருவர். வீடு ஒருவருக்கும் படுக்கையறை மற்றவருக்கும் பொருந்தினால் சரி என்பார் மூன்றாமவர்.

'பறக்கும் விண்மீன்கள்' என்ற முறை இதில் காலத்தையும் சேர்க்கிறது. 180 ஆண்டுகளை இருபது இருபதாக ஒன்பது காலங்களாகப் பிரித்து, எந்த வரிசையில் கூட்டினாலும் 15 வரும் 'லோ ஷு' மாயச் சதுரத்தில் எண்களை நகர்த்துவார்கள். ஷென் ஜூரெங் (1849–1906) இம்முறையை வெளிப்படையாக விளக்கியவர்களில் முதன்மையானவர். எட்டாம் காலம் 2004 முதல் 2024 வரை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய ஒன்பதாம் காலம் 2044 வரை நீளும். வீட்டின் பிறந்தநாள் கட்டி முடித்த நாளா, குடிபுகுந்த நாளா என்ற கேள்விக்குக் கணிப்பாளர்கள் ஒரே விடை சொல்வதில்லை.

இம்முறைகளின் பெரிய சிக்கல் அடுக்ககங்களில் வெளிப்படுகிறது. முற்றம் வைத்த பழைய வீட்டில் வாசலும் முகப்பும் ஒரே பக்கம் இருந்தன. அடுக்ககத்தில் வீட்டுக் கதவு உள்நடையை நோக்கியும் பலகணி கடலை நோக்கியும் கட்டடத்தின் பொதுவாசல் சாலையை நோக்கியும் இருக்கும். எது வீட்டின் முகம் என்பதில் மூன்று கணிப்பாளர் மூன்று விடை தந்தால், ஒரே வீடு ஒருவர் கணக்கில் உயர்ந்ததாகவும் மற்றவர் கணக்கில் ஆகாததாகவும் ஆகிவிடும். அமெரிக்காவில் லின் யுன் (1932–2010) பரப்பிய முறை இன்னும் ஒருபடி மேலே போய்த் திசைமானியையே விட்டுவிட்டது. அம்முறையில் வீட்டின் எட்டுப் பகுதிகளும் வாசலிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. ஒன்றோடொன்று முரண்படும் இத்தனை முறைகளும் சரியாக இருக்க முடியாது. குடியிருப்போரின் உடல்நலமோ செல்வமோ இக்கணக்கின்படி அமைகிறது என்பதற்கு அறிவியல் ஆதாரமும் இல்லை.

எண்ணும் விலையும்

சீன மொழியில் நான்கு என்ற எண்ணின் ஒலி சாவை நினைவூட்டும். கான்டனீயத்தில் எட்டின் ஒலி செல்வம் பெருகுவதைக் குறிக்கும் சொல்லை ஒத்திருக்கும். அதனால் ஹாங்காங்கின் பல கட்டடங்களில் 4, 14, 24 ஆகிய மாடிகள் எண்ணிக்கையில் இடம்பெறுவதில்லை. அங்கே கான்டுயிட் சாலை 39-ஆம் எண் கட்டடத்தின் மேல்மாடிகளுக்கு 66, 68-க்கு அடுத்து 88 என்று எண்ணிட்டது 2009-இல் செய்தியானது. கட்டடத்தில் இருந்தவை ஐம்பதுக்கும் குறைவான மாடிகளே.

இந்த நம்பிக்கை விலையைப் பாதிப்பதைப் பொருளியல் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். கனடாவின் வான்கூவர் பகுதியைப் பற்றி ஃபோர்ட்டின், ஹில், ஹுவாங் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சீனர் மிகுந்த பகுதிகளில் 4-இல் முடியும் கதவு எண் கொண்ட வீடுகள் 2.2 விழுக்காடு குறைவாகவும் 8-இல் முடிபவை 2.5 விழுக்காடு கூடுதலாகவும் விற்றன. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பூராசாவும் பெங்கும் 1999-இல் இதே போக்கைக் கண்டார்கள். ஹாங்காங்கில் சாவ் குழுவினர் 2001-இல் கண்டது இன்னும் நுட்பமானது: நல்ல எண்ணுக்கான கூடுதல் விலை சந்தை சூடாக இருக்கும்போது உயர்ந்தது, மந்தமானபோது மங்கியது.

கொலை, தற்கொலை முதலியன நடந்த 'கெட்ட வீடு'களின் விலையும் இப்படியே. ஹாங்காங்கைப் பற்றிய ஓர் ஆய்வில் அந்த வீட்டின் விலை சராசரியாக 20 விழுக்காடும், அதே மாடியில் உள்ளவற்றின் விலை 10 விழுக்காடும் சரிந்திருந்தன. வாங்குபவருக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். நாளை அவரிடம் வாங்கப்போகிறவருக்கு இருக்கலாம். மக்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் சீனர்களாக உள்ள சிங்கப்பூரில் தனியார் அடுக்ககம் வாங்கும் தமிழ்க் குடும்பமும் மறுவிற்பனையை எண்ணி இதைக் கணக்கில் கொள்ள நேரும்.

வாஸ்துவும் கடைப்பொருள்களும்

வாஸ்துவும் ஃபெங் சுயியும் ஒன்றல்ல. வாஸ்து 64 அல்லது 81 கட்டங்கள் கொண்ட மண்டலத்தை மனைமேல் வரைந்து வடகிழக்கைத் திறந்தும் தென்மேற்கைக் கனமாகவும் வைக்கச் சொல்கிறது. ஃபெங் சுயியின் செவ்வியல் சூத்திரம் வடக்கை அடைத்துத் தெற்கைத் திறக்கிறது. இரண்டு மரபையும் ஒரே வீட்டில் முழுமையாக நிறைவேற்றுவது அரிது. தமிழ்நாட்டுக் கடைகளில் ஃபெங் சுயி என்ற பெயரில் விற்கும் சிரிக்கும் புத்தர், மூன்றுகால் தவளை, மூங்கில் செடி, காற்றுமணி ஆகியவை வீடு தேரும் கலையின் பகுதி அல்ல. கெட்ட இடத்தைப் பொருள் வைத்துத் திருத்துவதைவிட நல்ல இடத்தைத் தேர்வதே மரபின் முதல் நோக்கம்.

தேர்வில் எதற்கு எவ்வளவு எடை

வீடு வாங்குபவர் மூன்று வகை விதிகளையும் மூன்று விதமாக நடத்துவதே அறிவுடைமை. நிலவமைப்பு, சாலை, காற்று, வெயில், ஈரம் பற்றிய விதிகளை அவை பிறந்த நாட்டின் தட்பவெப்பத்தை நினைவில் கொண்டு, வாங்கும் ஊருக்கு ஏற்றபடி திருத்திப் பயன்படுத்தலாம். இவையே வாங்கிய பின் மாற்ற முடியாதவையும் ஆகும். எண், வீட்டின் முன்கதை ஆகியவற்றை விலை பேசும் கருவியாகக் கொள்ளலாம். நம்பாதவருக்கு நான்காம் எண் வீடு ஒரு தள்ளுபடி. பிறந்த ஆண்டையும் விண்மீன் எண்களையும் கொண்ட கணக்கு குடும்பத்தின் மனநிம்மதிக்கு உதவினால் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்காக நல்ல வீட்டைக் கைவிடவோ, கூடுதல் பணம் கொடுக்கவோ, பத்திரத்திலும் கட்டுமானத்திலும் உள்ள குறையைக் கண்டும் காணாமல் விடவோ காரணம் எதுவும் இல்லை.